ஓடிய தூரம் ஒன்று, மீட்டர் காட்டுவது ஒன்று

பழைய கார் வாங்குபவர் முதலில் எட்டிப் பார்ப்பது மீட்டரைத்தான். அதில் தெரியும் எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம், எப்படிச் சரிபார்க்கலாம்?

பழைய கார் ஒன்றின் விலையை நான்கு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: தயாரான ஆண்டு, எத்தனை கை மாறியது, எந்த எரிபொருள், எவ்வளவு ஓடியது. முதல் மூன்றும் ஆர்.சி.யில் அச்சாகியிருக்கும், அரசின் ‘வாகன்’ பதிவேட்டிலும் இருக்கும். நான்காவதற்கு மட்டும் அரசுப் பதிவு எதுவும் கிடையாது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் ஓடோமீட்டர் காட்டுவதுதான் கணக்கு. அந்த எண்ணைக் குறைத்து எழுத முடியும். குறைத்ததை உடனே காட்டிக்கொடுக்க வேறு ஏடும் இல்லை. ‘மீட்டர் குறைப்பு’ ஒரு மறைவுத் தொழிலாக நிலைத்திருப்பது இதனால்தான்.

தமிழ்நாட்டில் ‘மைலேஜ்’ என்றால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும் என்றுதான் பொருள். ஓடிய தூரத்தைக் கேட்பவர்கள் “வண்டி எவ்வளவு ஓடியிருக்கு?” என்பார்கள். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

மதுரைச் சந்தையும் இரண்டு வகை ஓட்டமும்

மதுரையில் பழைய கார் விற்கும் இடங்களைக் ‘கார் கன்சல்டிங்’ என்று சொல்வது வழக்கம். மதுரை தெற்கின் டி.என். 58, வடக்கின் டி.என். 59, மையத்தின் டி.என். 64 என்ற மூன்று பதிவு எண்களோடு திண்டுக்கல், தேனி, சிவகங்கை, விருதுநகர் வண்டிகளும் இங்கே கைமாறுகின்றன. விற்பவர் வாயில் அடிக்கடி வரும் சொற்கள் சில: சிங்கிள் ஓனர், கம்பெனி சர்வீஸ், டாக்டர் ஓட்டுன வண்டி. அரசு ராஜாஜி மருத்துவமனையைப் பக்கத்தில் வைத்திருக்கும் கோரிப்பாளையத்தில் கடைசிச் சொல் நம்பும்படியாகவே ஒலிக்கும்.

ஒரு ‘டாக்டர் வண்டி’ உண்மையில் எவ்வளவு ஓடும்? வீட்டிலிருந்து மருத்துவமனை, கிளினிக், மறுபடி வீடு என்று நாளுக்கு 20 கிலோமீட்டர் வைத்துக்கொண்டால் 300 நாளில் 6,000. குலதெய்வக் கோயில், கல்யாணம், விடுமுறைப் பயணம் என்று இன்னொரு 4,000 சேர்த்தால் ஆண்டுக்கு 10,000. நான்கு ஆண்டில் 40,000.

அதே ஊரில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் டி-போர்டு வண்டியின் கணக்கு வேறு. மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போய்வர சுமார் 350 கிலோமீட்டர், கொடைக்கானலுக்குச் சுமார் 240, கன்னியாகுமரிக்குச் சுமார் 490. வாரத்துக்கு இவை ஒவ்வொன்றும் ஒரு நடை என்றாலே 1,080 கிலோமீட்டர். ஆண்டுக்கு 50 வாரம் ஓடினால் 54,000. நான்கு ஆண்டில் 2,16,000.

இரண்டும் ஒரே மாடல், ஒரே ஆண்டு, ஒரே நிறம். கழுவி, பாலிஷ் போட்டு அடுத்தடுத்து நிறுத்தினால் வெளித்தோற்றத்தில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. மஞ்சள் நம்பர் பிளேட் வண்டியை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முறைப்படி சொந்தப் பயன்பாட்டுக்கு மாற்றலாம். ‘ஓன் போர்டு’ ஆக்குவது என்பார்கள். இது சட்டப்படி சரியான நடைமுறை. வெள்ளைப் பிளேட் மாட்டியதோடு நில்லாமல் 2,16,000-ஐ 46,000 ஆக்குவதில்தான் மோசடி தொடங்குகிறது. இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள விலை வித்தியாசமே அந்த மோசடியின் கூலி.

மீட்டர் எப்படி எண்ணுகிறது

வண்டி ஓடிய தூரத்தைச் சக்கரத்தின் சுழற்சியை வைத்து எண்ணும் யோசனை பழையது. கி.மு. முதல் நூற்றாண்டின் ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், ஒவ்வொரு மைலுக்கும் ஒரு கூழாங்கல்லைப் பெட்டிக்குள் விழச்செய்யும் வண்டியை விவரித்திருக்கிறார். பல்சக்கரங்களின் வழியாகச் சக்கரச் சுழற்சியைக் குறைத்து எண்ணும் அதே தத்துவம்தான் இருபதாம் நூற்றாண்டுக் கார்களிலும் இருந்தது. கியர்பாக்ஸிலிருந்து ஒரு கேபிள் மீட்டருக்கு வரும். அது சுழலும்போது எண் பொறித்த சிறு உருளைகள் நகரும்.

இந்த இயந்திர மீட்டருக்கு இரண்டு பலவீனங்கள் இருந்தன. கேபிளைக் கழற்றிவிட்டால் வண்டி ஓடும், மீட்டர் ஓடாது. மீட்டரைப் பிரித்தால் உருளைகளைக் கையால் திருப்பலாம். பழைய மாடல்கள் பலவற்றில் ஐந்து இலக்கம் மட்டுமே இருந்ததால் 99,999-க்கு அடுத்து மீட்டர் பூஜ்ஜியத்துக்கே திரும்பிவிடும். அப்போது யாரும் ஏமாற்றாமலேயே வண்டி ‘புதிதாக’த் தெரியும். உருளைகளைத் திருப்பியவர்கள் விட்டுச்சென்ற தடயமும் உண்டு: எண்கள் ஒரே கோட்டில் நிற்காமல் ஏறி இறங்கி நிற்பது, மீட்டர் போர்டின் திருகாணிகளில் கீறல்.

டிஜிட்டல் மீட்டரில் கேபிளும் இல்லை, உருளையும் இல்லை. சக்கரத்திலோ கியர்பாக்ஸிலோ உள்ள சென்சார் மின்துடிப்புகளை அனுப்புகிறது. மீட்டர் போர்டுக்குள் இருக்கும் சிறு கணினி அவற்றை எண்ணித் தூரமாக மாற்றி, மின்சாரம் நின்றாலும் அழியாத ஒரு நினைவகச் சிப்பில் எழுதிவைக்கிறது. திரையில் தெரிவது அந்தச் சிப்பில் உள்ள எண்.

டிஜிட்டல் வந்ததும் மீட்டரைத் தொட முடியாது என்று பலர் நம்பினார்கள். நடந்தது நேர்மாறு. முன்பு மீட்டரைக் கழற்றிப் பிரிக்கும் கைவேலை தேவைப்பட்டது. இப்போது சிப்பில் இருக்கும் எண்ணை மின்னணுக் கருவியால் மாற்றி எழுதினால் போதும். திருகாணிக் கீறல் போன்ற வெளித்தடயம்கூட மிஞ்சுவதில்லை. பழுதான மீட்டர் போர்டை மாற்றும்போது சரியான தூரத்தைப் பதிவதற்காக உருவான கருவிகள்தான் இதற்கும் பயன்படுகின்றன.

இன்னும் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, குறைவாக ஓடிய வேறொரு வண்டியின் மீட்டர் போர்டையே மாட்டிவிடுவது. மற்றது, சென்சாரிலிருந்து வரும் தகவலை வழியிலேயே தடுக்கும் அல்லது குறைக்கும் சிறு கருவியைப் பொருத்துவது. இதில் எண் பின்னோக்கிப் போவதே இல்லை, ஏறுவதுதான் மெதுவாகிறது. ஆகவே பழைய எண்ணும் புதிய எண்ணும் முரண்படுகின்றனவா என்று தேடும் சோதனையில் இது எளிதில் சிக்காது.

மீட்டர் போர்டு மாறிய ஒவ்வொரு வண்டியும் மோசடி வண்டி அல்ல. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் வெள்ளத்தில் மூழ்கிய கார்களில் மின்னணுப் பாகங்கள் கெட்டுப்போய் மாற்றப்பட்டது இயல்பான பழுது. முறையான சர்வீஸ் சென்டர் பழைய எண்ணையும் மாற்றிய தேதியையும் பில்லில் எழுதிக்கொடுக்கும். அந்தப் பில் இல்லாமல் “மீட்டர் மாத்தினோம்” என்ற வாய்ச்சொல் மட்டும் இருந்தால், அதுவரை ஓடிய தூரத்தைத் தெரியாத தூரம் என்றே கொள்ள வேண்டும்.

யாருக்கு என்ன லாபம்

விற்பனை விலைதான் முதல் காரணம். அடுத்தது வாரண்டி. கம்பெனி வாரண்டிக்கு ஆண்டு வரம்போடு கிலோமீட்டர் வரம்பும் உண்டு. மாருதி சுசூகியின் வழக்கமான வாரண்டி 2 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டராக இருந்தது. 2024 ஜூலையில்தான் 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோமீட்டராக உயர்ந்தது. இத்தகைய வரம்பைத் தாண்டிய வண்டிக்கு இலவசப் பழுதுபார்ப்பு பெற நினைப்பவருக்கும் மீட்டர் குறைப்பு உதவுகிறது.

மூன்றாவது காரணம் புதியது. ஓட்டும் தூரத்துக்கேற்பப் பிரீமியம் கட்டும் காப்பீட்டுத் திட்டங்களுக்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2022 ஜூலையில் அனுமதி அளித்தது. குறைவாக ஓட்டுபவருக்கு நியாயம் செய்யும் ஏற்பாடுதான். ஆனாலும் மீட்டர் எண்ணைக் குறைத்துக் காட்ட இன்னொரு தூண்டுதல் அதனால் உருவாகிறது.

வாங்குபவரின் நஷ்டம் கூடுதலாகக் கொடுத்த விலையோடு முடிவதில்லை. காரின் பராமரிப்பு அட்டவணை பெரும்பாலும் கிலோமீட்டர் கணக்கைச் சார்ந்தே இருக்கிறது. டைமிங் பெல்ட் உள்ள என்ஜின் ஒன்றில் அதை 1 லட்சம் கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்று கையேடு சொல்வதாக வைத்துக்கொள்வோம். உண்மையில் 1,10,000 ஓடிய அந்த வண்டியின் மீட்டரை 48,000 ஆக்கினால், இன்னும் 52,000 கிலோமீட்டர் இருக்கிறது என்று புதிய உரிமையாளர் நினைப்பார். காலாவதியான பெல்ட் நாற்கரச் சாலையில் அறுந்தால், பல என்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி என்ஜினையே இறக்கிப் பிரிக்கும் செலவு வரும். கியர்பாக்ஸ் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், சஸ்பென்ஷன் புஷ் எல்லாவற்றுக்கும் இதே நிலைதான். பிரேக், சஸ்பென்ஷன் சார்ந்தவற்றில் போவது பணம் மட்டுமல்ல, உயிரும் பணயம்.

காகிதத் தடம்

மீட்டரில் இருக்கும் எண்ணை மாற்றலாம். வேறு வேறு ஆட்கள், வேறு வேறு தேதிகளில், வேறு வேறு இடங்களில் எழுதிவைத்த எண்களை எல்லாம் மாற்றுவது கடினம். சரிபார்ப்பின் அடிப்படை இவ்வளவுதான்: தேதியும் கிலோமீட்டரும் சேர்ந்து நிற்கும் பதிவுகளைத் திரட்டி வரிசையாக எழுத வேண்டும். எண் எந்த இடத்திலும் குறையக் கூடாது; ஏற்றமும் ஏறக்குறைய சீராக இருக்க வேண்டும்.

உதாரணமாக, 2019 மார்ச்சில் வாங்கிய வண்டியின் பில்கள் 2019 செப்டம்பரில் 9,800, 2020 மார்ச்சில் 19,500, 2021 மார்ச்சில் 36,000, 2022 மார்ச்சில் 55,000 என்று காட்டுகின்றன. அதன்பின் பில் எதுவும் இல்லை. 2025-ல் விற்பனைக்கு வரும்போது மீட்டரில் 62,000. முதல் மூன்று ஆண்டுகள் ஆண்டுக்குச் சராசரியாக 18,000-க்கு மேல் ஓடிய வண்டி, அடுத்த மூன்று ஆண்டில் மொத்தமே 7,000 ஓடியிருக்கிறது. உரிமையாளர் வெளிநாடு போயிருக்கலாம். வீட்டில் இரண்டாவது கார் வந்திருக்கலாம். எண் குறையவில்லை என்பதற்காக விட்டுவிடாமல், ஏற்றம் ஏன் படுத்தது என்ற கேள்விக்கு விடை வாங்க வேண்டும்.

இந்த வரிசையை நிரப்பும் ஆவணங்கள் இவை:

கம்பெனி சர்வீஸ் வரலாறு. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் வண்டி ஒவ்வொரு முறை நுழையும்போதும் கிலோமீட்டர் கணினியில் பதிவாகிறது. வண்டி எண்ணையோ சேசிஸ் எண்ணையோ கொடுத்தால் அந்த வரலாற்றை எடுக்கலாம். பெரும்பாலும் உரிமையாளர் கேட்டால்தான் கொடுப்பார்கள் என்பதால், விற்பவரையும் உடன் அழைத்துக்கொண்டு போய்ப் பிரிண்ட் வாங்குவதே நல்லது. விற்பவர் வாட்ஸ்ஆப்பில் அனுப்பும் படத்தைவிட சென்டரின் கவுண்டரில் கையில் வாங்கும் தாளுக்கு மதிப்பு அதிகம். சர்வீஸ் வெளிக்கடையில் நடந்திருந்தால், ஆயில் மாற்றிய மெக்கானிக் பானெட்டுக்கு அடியிலோ கதவு ஓரத்திலோ ஒட்டிய ஸ்டிக்கரில் அடுத்த சர்வீஸ் கிலோமீட்டர் எழுதியிருக்கும். மீட்டரைக் குறைத்தவர்கள் இந்தச் சிறு ஸ்டிக்கரைக் கிழிக்க மறப்பதுண்டு.

காப்பீடும் கடனும். விபத்துக் கிளைம் நடந்திருந்தால் சர்வேயர் அறிக்கையில் அன்றைய கிலோமீட்டர் இருக்கும். பழைய கார் கடனுக்காக மதிப்பீடு செய்திருந்தால் அந்த அறிக்கையிலும் இருக்கும்.

டயர், பேட்டரி பில். டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண் தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும்; 2319 என்றால் 2019-ன் 23-ஆவது வாரம். சாதாரண ஓட்டத்தில் ஒரு செட் டயர் 40,000 முதல் 50,000 கிலோமீட்டர் வரை வரும். மீட்டர் 28,000 என்று காட்டும் வண்டியில் நான்கு டயரும் வண்டி தயாரான ஆண்டுக்குப் பின் வந்தவையாக இருந்தால் காரணம் கேட்க வேண்டும்.

பாஸ்டேக் கணக்கு. 2021 பிப்ரவரி நடுவிலிருந்து தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் பாஸ்டேக் கட்டாயமானது. உரிமையாளரின் வங்கிக் கணக்கில் எந்தச் சாவடியை எந்தத் தேதியில் கடந்தது என்ற பட்டியல் இருக்கும். திருமங்கலம் பக்கம் கப்பலூர், தூத்துக்குடி சாலையில் எலியார்பத்தி, மேலூர் சாலையில் சிட்டம்பட்டி ஆகிய சாவடிகளை ஒரு வண்டி வாரம் பலமுறை கடந்திருந்தால், ‘வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் மட்டும் ஓடியது’ என்ற கதை நிற்காது. தன் வண்டியைப் பற்றி மறைக்க எதுவும் இல்லாத உரிமையாளருக்கு இந்தப் பட்டியலைக் காட்டுவதில் பெரிய தயக்கம் இருக்காது.

அரசுப் பதிவு. எம்-பரிவாகன் செயலியில் பதிவுத் தேதி, எத்தனையாவது உரிமையாளர், காப்பீடு, கடன் அடமானம், வண்டியின் வகை ஆகியவை தெரியும். ஓடிய தூரம் தெரியாது. ஆனால் வகை முக்கியம். ‘மோட்டார் கார்’ என்றால் சொந்த வண்டி; ‘மோட்டார் கேப்’ என்றால் வாடகை வண்டி. ஓன் போர்டு ஆன பின் பெயர் மாறிவிடும் என்பதால் பழைய ஆர்.சி. நகல், பழைய காப்பீட்டுப் பாலிசி இரண்டையும் கேட்டுப் பார்க்க வேண்டும். வாடகை வண்டியாக இருந்த காலத்துப் பாலிசி வேறு வகையைச் சேர்ந்தது. அபராத இ-சலான்களும் வண்டி எந்த ஊரில் எப்போது ஓடியது என்பதைச் சொல்லும்.

வெளிமாநில வண்டிக்குக் கூடுதல் கவனம் தேவை. டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல், 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் விதித்த தடையை உச்ச நீதிமன்றம் 2018-ல் உறுதிசெய்தது. அதன்பின் அங்கே மதிப்பிழந்த கார்கள் என்.ஓ.சி. வாங்கிக்கொண்டு மற்ற மாநிலங்களுக்கு நகர்ந்தன. பழைய உரிமையாளரை நேரில் பார்க்க முடியாத இத்தகைய வண்டிகளில் கம்பெனி சர்வீஸ் வரலாறு ஒன்றே உறுதியான பிடிமானம். அது நாடு முழுவதற்கும் பொதுவான கணினியில் இருக்கும்.

வண்டியே சொல்லும் சாட்சி

ஆவணம் கிடைக்காதபோது தேய்மானம் பேசும். மனிதக் கையும் காலும் படும் இடங்களை முதலில் பார்க்க வேண்டும்: கிளட்ச், பிரேக் பெடல்களின் ரப்பர், ஸ்டியரிங்கின் மேல்பாகம், கியர் குமிழ், ஓட்டுநர் இருக்கையின் கதவுப்பக்க ஓரம், கண்ணாடி இறக்கும் பொத்தான்கள். 30,000 கிலோமீட்டர் வண்டியில் பெடல் ரப்பரின் வரிகள் மழுங்கியிருக்காது. இவை எல்லாம் புத்தம்புதிதாக மின்னினாலும் சந்தேகமே. குறைவாக ஓடிய வண்டிக்குப் பெடல் ரப்பரும் ஸ்டியரிங் உறையும் புதிதாக மாற்றும் தேவை எப்படி வந்தது?

பிரேக் டிஸ்க்கின் விளிம்பில் விரலை ஓட்டினால் தட்டுப்படும் மேடு, பிரேக் பேட் எவ்வளவு தின்றிருக்கிறது என்பதைக் காட்டும். ஓட்டுநர் பக்கக் கதவு கீல் தளர்ந்து இறங்கியிருப்பது, முன்கண்ணாடியில் எதிர்வெளிச்சத்தில் தெரியும் நுண்புள்ளிகள், பானெட் முன்விளிம்பில் கல்தெறித்த தடங்கள் மூன்றும் நெடுஞ்சாலை ஓட்டத்தின் அடையாளங்கள்.

டி-போர்டாக இருந்த வண்டிக்குத் தனித் தடயங்கள் உண்டு. வாடகை வண்டிகளுக்கு மணிக்கு 80 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயம். 2019 ஜனவரிக்குப் பின் பதிவான பொதுப் பயணி வண்டிகளுக்கு இருப்பிடம் காட்டும் கருவியும் அவசரப் பொத்தானும் கட்டாயமாயின. கழற்றிய பின்னும் ஒயர், ஒட்டுப்போட்ட துளை, கூரையில் கேரியர் பதிந்த தடம், பின்னிருக்கை அமுங்கல் ஆகியவை மிஞ்சும். சொந்த வண்டியில் ஓட்டுநர் இருக்கைதான் அதிகம் தேயும். வாடகை வண்டியில் பின்னிருக்கையும் பின்கதவுக் கைப்பிடிகளும் அதற்கு இணையாகத் தேய்ந்திருக்கும்.

ஸ்கேனர் எதைக் காட்டும், எதைக் காட்டாது

மீட்டர் போர்டில் மட்டுமல்லாமல், பல கார்களில் என்ஜின் கணினி, ஏ.பி.எஸ்., ஏர்பேக், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆகியவற்றின் கணினிகளிலும் கிலோமீட்டர் தொடர்பான தகவல் சேமிப்பாகிறது. ஒரு பழுது தோன்றியபோது மீட்டர் என்ன காட்டியது என்பதைச் சில கணினிகள் குறித்துவைக்கும். சில கம்பெனிகளின் சாவியிலேயே அந்த எண் பதிவாகும். மீட்டரைக் குறைத்தவர் இவை அத்தனையையும் ஒன்றுபோல மாற்றியிருந்தால்தான் பொருந்தும். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சோதனைச் சாக்கெட்டில் கம்பெனித் தரத்து ஸ்கேனரைச் செருகிப் பார்க்கும் மெக்கானிக்கால் முரண்பாட்டைக் கண்டுபிடிக்க முடியும். கைப்பேசியோடு இணையும் மலிவான கருவிகள் இவ்வளவு ஆழம் போவதில்லை.

என்ஜின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்ற கணக்கும் சில கார்களில் கிடைக்கும். அதை வைத்து எளிய வகுத்தல் ஒன்று செய்யலாம். மீட்டரில் 42,000 கிலோமீட்டர், என்ஜின் கணக்கில் 3,500 மணி நேரம் என்றால் சராசரி வேகம் மணிக்கு 12 கிலோமீட்டர். கோரிப்பாளையம் சந்திப்பிலேயே காலம் கழித்த வண்டிக்குத்தான் அந்தச் சராசரி வரும். நகரமும் நெடுஞ்சாலையும் கலந்து மணிக்கு 30 என்று கொண்டாலே உண்மைத் தூரம் 1,05,000 ஆகிறது.

இந்த வகுத்தல் இன்னொன்றையும் நினைவூட்டுகிறது. ஏ.வி. பாலம், கோரிப்பாளையம், தல்லாகுளம் என்று நெரிசலில் நின்று நின்று ஓடிய 50,000 கிலோமீட்டரும், திருச்சி நாற்கரச் சாலையில் ஒரே கியரில் ஓடிய 50,000 கிலோமீட்டரும் ஒன்றல்ல. முதலாவதில் கிளட்ச், பிரேக், ஸ்டார்ட்டர் மோட்டார் எல்லாம் பலமடங்கு உழைத்திருக்கும். மேம்பாலப் பணிக்காக வண்டிகள் சுற்றிவிடப்பட்ட ஆண்டுகளில் கோரிப்பாளையம் பகுதியில் ஓடிய கார்களின் என்ஜின், மீட்டர் நகராதபோதும் ஓடிக்கொண்டிருந்தது. மீட்டர் நேர்மையாக இருந்தாலும் அது தூரத்தை மட்டுமே சொல்லும், உழைப்பைச் சொல்லாது.

சட்டம் எங்கே நிற்கிறது

மீட்டர் குறைப்பைப் பெயர்சொல்லித் தண்டிக்கும் தனிச்சட்டம் இந்தியாவில் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 50-ஆவது பிரிவு பெயர் மாற்றத்தை ஒழுங்குபடுத்துகிறது: விற்பவர் மாநிலத்துக்குள் என்றால் 14 நாளுக்குள், வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். அதற்கான 29, 30-ஆம் படிவங்களில் பதிவு எண், சேசிஸ் எண், முகவரி எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. ஓடிய தூரத்துக்கு இடம் இல்லை.

2022 டிசம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி டீலர்களுக்கு அங்கீகாரச் சான்றிதழ் முறை வந்தது. உரிமையாளர் வண்டியை அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் ஒப்படைத்ததைப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதன்பின் டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார். டீலர் வசம் இருக்கும்போது வண்டி எதற்காக, யார் ஓட்ட, எவ்வளவு தூரம் போனது என்ற மின்னணுப் பதிவேடும் கட்டாயம். டீலரிடம் வருவதற்கு முந்தைய காலத்துக்கு இது உதவாது. ஆனாலும் அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வாங்கினால், பொறுப்பாளி யார் என்ற கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்கும்.

ஏமாற்றப்பட்டவருக்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது காவல் நிலையம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) பிரிவு, ஏமாற்றிப் பொருளையோ பணத்தையோ கொடுக்கவைப்பதற்கு 7 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. அதற்கு முந்தைய குற்றங்களுக்குப் பழைய 420-ஆவது பிரிவு. எண் தவறு என்பதோடு, விற்றவருக்கு அது தெரியும் என்பதையும் நிறுவ வேண்டியிருப்பதே இதில் உள்ள சிக்கல். ஒருவேளை அவரும் ஏமாந்து வாங்கியவராக இருக்கலாம்.

இரண்டாவது, நுகர்வோர் ஆணையம். விற்றவர் டீலராகவோ நிறுவனமாகவோ இருந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன் கீழ் நேர்மையற்ற வணிக நடைமுறை என்று புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பதால், கோயம்புத்தூரில் வாங்கிய வண்டிக்கும் மதுரையிலேயே முறையிடலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

மூன்றாவது, உரிமையியல் நீதிமன்றம். தனிநபர் தன் சொந்தக் காரை ஒருமுறை விற்பது வணிகம் ஆகாது. அங்கே நுகர்வோர் சட்டத்துக்குப் பதிலாக இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 துணைக்கு வரும். ஏமாற்றிப் பெற்ற சம்மதத்தால் ஆன ஒப்பந்தத்தை ரத்துசெய்யும் உரிமையை 19-ஆவது பிரிவு தருகிறது. ஆனால் விற்றவர் மௌனமாக இருந்ததை மட்டும் குறையாகச் சொன்னால், சாதாரண விழிப்போடு உண்மையைக் கண்டுபிடித்திருக்க முடியுமா என்ற கேள்வியும் அதே பிரிவில் எழும். “ஓடிய தூரம் 46,000 என்று உறுதியளிக்கிறேன்” என்று விற்பவர் கையெழுத்திட்ட ஒரு வரிக்கு அங்கே பெரிய மதிப்பு உண்டு.

வண்டியைத் தயாரித்த கம்பெனியைப் பொறுப்பாக்குவது எளிதல்ல என்பதற்கு உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் அளித்த தீர்ப்பு ஒன்று சான்று. கோவாவில் 2011-ஆம் ஆண்டுப் புதிய காருக்குப் பணம் கட்டியவருக்கு, 2009-ல் தயாராகி ஏற்கெனவே 622 கிலோமீட்டர் ஓடியிருந்த காரை டீலர் கொடுத்தார். டீலரின் செயலில் தயாரிப்பாளரான டாடா மோட்டார்ஸுக்குப் பங்கு இருந்ததற்கு ஆதாரம் இல்லாததால், கம்பெனி மீதான பொறுப்பை நீதிமன்றம் நீக்கியது. டீலரின் பொறுப்பு அப்படியே நின்றது.

மற்ற நாடுகளில்

இந்தச் சிக்கலை மற்ற நாடுகள் அணுகிய முறைகள் இரண்டு: தண்டனை, பதிவேடு. அமெரிக்கா 1972-லேயே மீட்டரைத் திருத்துவதைக் கூட்டாட்சிச் சட்டத்தால் தடைசெய்தது. 1986-ல் வந்த சட்டம் விற்பனையின்போது ஓடிய தூரத்தை உரிமைப் பத்திரத்திலேயே எழுதிக் கையெழுத்திடச் சொன்னது. மீட்டர் பழுதாகிப் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கினால் ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் அறிவிப்பு ஒட்ட வேண்டும். இருந்தும் ஆண்டுக்கு 4,50,000 வண்டிகளுக்கு மேல் பொய்யான மீட்டரோடு விற்பனையாகின்றன என்பது அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு அமைப்பின் மதிப்பீடு. பெரிய நிறுவனங்களும் விலக்கல்ல. கிரைஸ்லர் நிறுவன அதிகாரிகள் மீட்டரைத் துண்டித்துவிட்டுப் புதிய கார்களை ஓட்டிய பிறகு, அவை புதியவை என்றே விற்பனைக்குப் போயின என்று 1987-ல் வழக்கு எழுந்தது; அதன் தலைவர் லீ அயகோக்கா பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

ஜெர்மனி 2005-லிருந்து ஓராண்டு வரை சிறை விதிக்கிறது. பெல்ஜியம் வேறு வழியில் போனது. 2004-ல் சட்டம் இயற்றி, 2006 முதல் ‘கார்-பாஸ்’ என்ற ஆவணத்தைக் கொண்டுவந்தது. வண்டியைப் பழுதுபார்க்கும் ஒவ்வொரு பட்டறையும் அன்றைய கிலோமீட்டரை மையப் பதிவேட்டுக்கு அனுப்ப வேண்டும். கார்-பாஸ் தராமல் பழைய காரை விற்க முடியாது. பிரிட்டனில் மூன்று ஆண்டு முடிந்த கார்கள் ஆண்டுதோறும் தகுதிச் சோதனைக்குப் போகின்றன. 2005 முதல் அங்கே பதிவான மீட்டர் எண்களை வண்டி எண் கொடுத்து எவரும் இலவசமாகப் பார்க்கலாம். ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் 2018 தீர்மானம் சுட்டிய மதிப்பீட்டின்படி, உள்நாட்டுப் பழைய கார் விற்பனையில் 5 முதல் 12 சதவீதமும், எல்லை தாண்டிய விற்பனையில் 30 முதல் 50 சதவீதமும் மீட்டர் மோசடிக்கு உள்ளானவை. பதிவேடு எல்லையில் அறுபடும்போது மோசடி பெருகுகிறது என்பதே இந்த வித்தியாசத்தின் பொருள்.

ஜப்பானிலிருந்து பழைய கார்கள் போகும் இலங்கையில், கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் விவரம் அறிந்தவர்கள் முதலில் கேட்பது ஜப்பானிய ஏலத் தாளை. ஏலத்தில் நின்ற அன்று வண்டி எவ்வளவு ஓடியிருந்தது, எங்கே அடிபட்டிருந்தது என்ற குறிப்பு அதில் இருக்கும். சேசிஸ் எண்ணைக் கொண்டு அதைத் தனியாக வரவழைத்து, விற்பவர் காட்டும் தாளோடு ஒப்பிடுகிறார்கள்.

விலை பேசும் முன்

இந்தியாவில் சொந்தக் கார் ஒன்று 15 ஆண்டுகளுக்குத் தகுதிச் சோதனைக்கே போக வேண்டியதில்லை. ஆகவே பிரிட்டனைப் போல ஆண்டுக்கொரு எண் தானாகச் சேர வழியில்லை. ஆனாலும் காப்பீட்டைப் புதுப்பிக்கும்போதும் பெயர் மாற்றும்போதும் மீட்டர் எண்ணை வாகன் பதிவேட்டில் ஏற்றினால், பத்தாண்டு வண்டிக்குப் பத்துப் பதிவாவது இருக்கும். புதிய கருவி எதுவும் வேண்டாம். படிவத்தில் ஒரு கட்டம் போதும்.

அதுவரை பொறுப்பு வாங்குபவர் கையில். வரிசை எளிது: ஆர்.சி.யும் பழைய பாலிசியும் பார்ப்பது, சர்வீஸ் வரலாற்றைச் சென்டரிலேயே வாங்குவது, பாஸ்டேக் பட்டியல் கேட்பது, விற்பவருக்குத் தொடர்பில்லாத மெக்கானிக்கிடம் காட்டி ஸ்கேன் செய்வது, கிலோமீட்டரை விற்பனை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவது. எல்லாம் முடிந்த பிறகே முன்பணம். இவற்றில் எதற்கும் விற்பவர் இசையாவிட்டால், வண்டியை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. மீட்டரில் உள்ள எண்ணைக் கணக்கில் சேர்க்காமல், தூரம் தெரியாத வண்டி என்ற விலைக்குத்தான் அதைக் கேட்க வேண்டும். தேதியிட்ட பதிவு இல்லாத கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை.